பாட்டிமார எண்ணப்போனவங்க எம்பி ஆன கதை: கலினா ஸ்தரவோய்தவா கேஸ்

காகசஸ் மலைப்பக்கம் தொண்ணூறு நூறு வயசு தாண்டியும் திடமா நடமாடுற கிழவன் கிழவிங்க ஜாஸ்தின்னு சோவியத் காலத்துல பெரிய பேச்சு. நெஜமாவே அவ்ளோ வயசா, இல்ல சும்மா ஏத்தி சொல்றாங்களா, நெஜம்னா அதுக்கு காரணம் சாப்பாடா, மலைக்காத்தா, வயசானவங்கள வீட்ல வச்சிருக்கற விதமான்னு பாக்க அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு பெரிய சர்வே நடந்துச்சு. அதுக்காக அப்காசியாவுக்கும் நகோர்னோ கராபக்குக்கும் போன ஆட்கள்ல ஒருத்தங்க லெனின்கிராட்ல இருந்து வந்த கலினா ஸ்தரவோய்தவா. படிச்சது உளவியல், வேலை இனவரைவியல், அதாவது ஒவ்வொரு இனத்து மக்களும் எப்படி வாழ்றாங்கன்னு நேர்ல போய் ஆராயறது. கம்யூனிஸ்ட் கட்சிக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்ல, மேடை ஏறி பழக்கமும் கிடையாது. அந்தம்மா பத்தே வருஷத்துல எப்படி ரஷ்யாவோட முக்கியமான எதிர்க்கட்சி குரல் ஆனாங்க, 1998 நவம்பர்ல ஏன் சொந்த வீட்டு மாடிப்படில சுட்டுக் கொல்லப்பட்டாங்க, அந்த கேஸ் எவ்ளோ தூரம் போச்சு, இதத்தான் எழுதப்போறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

பொறந்தது 1946 மே 17, உரால் பக்கம் செல்யாபின்ஸ்க்ல. போர் சமயத்துல டேங்க் தொழிற்சாலைங்கள அங்க கொண்டுபோய் வச்சதால ஊருக்கே டாங்கோகிராட்னு பட்டப்பேரு, அப்பாவும் டேங்க் இன்ஜினியர்தான். அப்புறம் குடும்பம் லெனின்கிராடுக்கு வந்துடுச்சு. பொண்ணும் மொதல்ல ராணுவ இயந்திரவியல் இன்ஸ்டிட்யூட்லதான் சேர்ந்தாங்க, ஆனா ரெண்டு வருஷத்துல அத விட்டுட்டு பல்கலைக்கழகத்துல உளவியலுக்கு மாறி 1971ல டிகிரி வாங்கினாங்க. நம்ம வீட்ல இன்ஜினியரிங்க பாதில விட்டுட்டு சைக்காலஜி படிக்கப்போறேன்னு சொன்னா என்ன நடக்கும்னு தெரியும்ல, அங்க என்ன நடந்துச்சோ.

1980ல அவங்க வாங்கின ஆராய்ச்சி பட்டத்தோட தலைப்புதான் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமா பட்டுச்சு: லெனின்கிராட்ல வாழ்ற தத்தார் மக்கள். அந்த ஊர் தத்தார்ங்கள்ல நெறைய பேர் ஜார் காலத்துலயே வந்தவங்க, கட்டடங்களோட முற்றத்த கூட்டி காவல் காக்கற வேலைதான் ரொம்ப நாள் அவங்க அடையாளமாவே இருந்துச்சு, நீலக் கோபுரம் வச்ச பெரிய மசூதி கூட ஊர் நடுவுல இருக்கு. சொந்த மண்ண விட்டு வந்து, சுத்தி எல்லாரும் ரஷ்ய மொழி பேசற பெருநகரத்துல, மூணாவது தலைமுறை வீட்ல எந்த மொழி பேசுது, யாரை கல்யாணம் பண்ணுது, தன்னை என்னன்னு சொல்லிக்குது, இதுதான் அவங்க கேள்வி. அப்புறம் அந்த நகரத்து ஆர்மீனியர், எஸ்தோனியர்னு அத விரிச்சாங்க.

இப்ப பாத்தா சாதாரண தலைப்பு மாதிரிதான் தெரியும். ஆனா சோவியத் ஆளோட உள்நாட்டு பாஸ்போர்ட்ல அவன் என்ன இனம்னு எழுதியிருப்பாங்க, ஆபீஸ் ஃபாரங்கள்ல அது ஐந்தாவது வரியில வரும், அதனால 'ஐந்தாவது வரி'ன்னாலே யூதர்களுக்கும் இன்னும் பல பேருக்கும் என்ன அர்த்தம்னு சொல்லாமலே புரியும், எந்த காலேஜ்ல எடம் கெடைக்கும், எந்த வேலை கெடைக்காதுங்கறது அந்த ஒரு வார்த்தைலயே அடங்கிடும். அரசாங்கமோ மேடைல 'தேசிய இனப்பிரச்சினைய தீத்து முடிச்சாச்சு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அப்படிப்பட்ட எடத்துல ஒரு அம்மா வீடு வீடா போய் நீங்க உங்கள என்னவா நெனைக்கறீங்கன்னு கேக்கறாங்க. அவங்க ஆராய்ச்சிய விட்டுட்டு அரசியலுக்கு வந்தவங்கன்னு எல்லாரும் எழுதறாங்க, எனக்கு அப்படி தோணல, இந்த கேள்வியே அரசியல்தான், அப்ப அதுக்கு ஆராய்ச்சின்னு பேரு அவ்ளோதான்.

சரி, கராபக். 1923ல இருந்து அது அஜர்பைஜான் குடியரசுக்குள்ள ஒரு தன்னாட்சி பகுதி, ஆனா அங்க இருந்தவங்கள்ல முக்கால்வாசி ஆர்மீனியர். ஆர்மீனிய மொழி பாடபுத்தகம், ஆர்மீனியா டிவி, எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கற சொந்தக்காரங்களோட தொடர்பு, எல்லாத்துக்கும் அஜர்பைஜான் தலைநகர் பாக்கூ அனுமதி வேணும். 1988 பிப்ரவரி 20 அன்னிக்கு அந்த பகுதி மன்றம் எங்கள ஆர்மீனியாவோட சேத்துடுங்கன்னு தீர்மானம் போட்டுடுச்சு, ஆர்மீனியா தலைநகர் யெரெவான்ல ஓபரா சதுக்கத்துல லட்சக்கணக்குல ஜனம் கூடுச்சு, ஒரு வாரத்துல அஜர்பைஜான்ல சும்காயித் ஊர்ல ஆர்மீனியர்கள வீடு புகுந்து வெட்டினாங்க, அரசு கணக்குப்படியே செத்தவங்க 32 பேர்.

இந்த நேரத்துலதான் கலினா ஒரு லெட்டர் எழுதினாங்க. ஆர்மீனிய எழுத்தாளர்கள் சில்வா கபுதிக்யானுக்கும் ஸோரி பலாயனுக்கும். அந்த ஊருக்கு போய் அந்த மக்களோட உக்காந்து பேசினவ நான், உங்க கோரிக்கை நியாயமானதுங்கறதுதான் விஷயம். சொந்த லெட்டர்தான், ஆனா கையெழுத்து பிரதியா, டைப் பிரதியா கைமாறி கைமாறி கூட்டத்துல படிக்கற அளவுக்கு போயிடுச்சு. மாஸ்கோ பத்திரிகை எல்லாம் ஆர்மீனியர்கள தீவிரவாதிங்கன்னு எழுதிட்டு இருக்கறப்ப ஒரு ரஷ்யப் பொம்பள, அதுவும் அறிவியல் கழகத்து ஆள், இப்படி எழுதினா அந்த ஜனத்துக்கு எப்படி இருந்திருக்கும்.

அந்த டிசம்பர்ல ஆர்மீனியால பூகம்பம் வேற, இருபத்தஞ்சாயிரம் பேர் போயிட்டாங்க, அந்த இடிபாட்டுக்கு நடுவுல இணைப்பு கேட்டு போராட்டத்த நடத்தின கராபக் கமிட்டி தலைவர்கள புடிச்சு மாஸ்கோ ஜெயில்ல போட்டாங்க. 1989ல சோவியத் வரலாற்றுலயே முதல் தடவையா ஓரளவு போட்டி உள்ள எலெக்ஷன் வருது, நம்ம ஆளுங்க எல்லாம் உள்ள இருக்காங்க, யாரை நிறுத்தறது? யெரெவான்காரங்க அந்த லெட்டர் எழுதின அம்மாவ கூப்பிட்டாங்க. ஆர்மீனிய மொழிய தாய்மொழியா கொண்டவங்க இல்ல, அந்த ஊர்ல வீடில்ல, சொந்தமில்ல, ஆனா பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சு மக்கள் பிரதிநிதிகள் காங்கிரஸுக்கு, அதாவது சோவியத் நாடாளுமன்றத்துக்கு போனாங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். அஜர்பைஜான் பக்கத்துல இவங்கள ஒருதலைப்பட்சமான ஆள்னுதான் பாக்கறாங்க, அத முழுசா தள்ளிட முடியாது. கராபக்ல அஜர்பைஜானியரும் நாலுல ஒரு பங்கு கிட்ட இருந்தாங்க, அப்புறம் வந்த போர்ல அவங்களும் செத்தாங்க, ஊர விட்டு ஓடினாங்க. அவங்களோட கதை கலினாவோட அரசியல்ல அதே சத்தத்தோட கேக்கல. கூட உக்காந்து சாப்ட்ட வீட்டு ஆளுங்க பக்கம்தான் மனசு சாயும், ஃபீல்ட் ஒர்க்ல இருக்கற சிக்கலே அதுதான்.

காங்கிரஸ் 1989 மே 25 தொடங்கி டிவில லைவா ஓடுச்சு, ஜனம் வேலைக்கு போகாம பாத்ததா சொல்வாங்க. ஆந்த்ரே சாகரோவ் மேடைல நிக்க, சபை பாதி கத்தி அவர உக்கார வைக்க பாக்கும், அந்த காலம். கலினா, அவரும் பின்னாடி ரஷ்ய ஜனாதிபதி ஆன போரிஸ் யெல்த்சினும் இருந்த பிராந்தியங்களுக்கிடையிலான பிரதிநிதிகள் குழுவுல சேர்ந்தாங்க. டிசம்பர் 14 அன்னிக்கு சாகரோவ் போயிட்டார். ஹைட்ரஜன் குண்டு செஞ்ச இயற்பியலாளர் அவர், இவங்க இனவரைவியலாளர், அந்த தலைமுறை எதிர்ப்பாளர்கள்ல இப்படி லேப்ல இருந்தும் லைப்ரரில இருந்தும் வந்தவங்கதான் ஜாஸ்தி. கட்சி பள்ளில படிக்காத, ஆனா பேசத் தெரிஞ்ச ஆட்கள் வேற எங்க இருந்து கெடைப்பாங்க?

1990ல லெனின்கிராட்லயே நின்னு ரஷ்ய குடியரசோட பிரதிநிதி ஆனாங்க. ஜனநாயக ரஷ்யா இயக்கத்துல முக்கிய ஆள். 1991ல யெல்த்சின் ஜனாதிபதி தேர்தல்ல ஜெயிச்சதும் இன உறவுகளுக்கு அவரோட அட்வைசர். ஒரு கட்டத்துல இவங்கள பாதுகாப்பு அமைச்சர் ஆக்கலாம்னு கூட பேச்சு அடிபட்டுச்சு, ராணுவ உடுப்பு போடாத ஒரு பொம்பள, டேங்க் இன்ஜினியர் மக, ரஷ்ய ராணுவத்துக்கு தலைமை! ஜெனரலுங்க மூஞ்சி எப்படி போயிருக்கும்னு நெனச்சு பாத்தேன். நடக்கல, 1992 மே மாசம் பாவெல் கிராச்சோவ் அமைச்சர் ஆனார், ரெண்டரை வருஷத்துல, ரஷ்யாவ விட்டு பிரிய பாத்த செச்னியாவுக்குள்ள டேங்க் அனுப்பினதும் அவரோட ராணுவம்தான்.

அட்வைசர் வேலையும் ரொம்ப நாள் நிக்கல. 1992 அக்டோபர் கடைசில வடக்கு ஒசேத்தியால ஒசேத்தியருக்கும் இங்குஷ் மக்களுக்கும் நடுவுல சண்டை வெடிச்சு இங்குஷ் ஜனம் பல்லாயிரக்கணக்குல வீட்ட விட்டு வெளிய போக, நவம்பர்ல கலினாவ வேலைல இருந்து எடுத்துட்டாங்க. இன விவகாரம் தெரிஞ்ச ஒரே ஆள, இன விவகாரம் பத்தி எரியறப்ப வீட்டுக்கு அனுப்பறது என்ன கணக்கோ.

அதுக்கடுத்த மாசம் அவங்க செஞ்ச வேலையதான் இந்த மொத்த வாழ்க்கைலயே முக்கியமானதா நான் பாக்கறேன். கம்யூனிஸ்ட் கட்சியோட பழைய நிர்வாகிகளும் சோவியத் உளவு அமைப்பான கேஜிபியோட ஆட்களும் குறிப்பிட்ட வருஷங்களுக்கு அரசு பதவில இருக்கக்கூடாதுன்னு ஒரு மசோதா. செக்கோஸ்லோவாக்கியால அப்படி ஒண்ணு 1991லயே வந்துடுச்சு, ஐரோப்பால அதுக்கு லஸ்ட்ரேஷன்னு பேரு. ஜெயில்ல போடணும்னு கேக்கல, தூக்குல போடணும்னு கேக்கல, கொஞ்ச காலம் நாற்காலிய விட்டு தள்ளி நில்லுங்கன்னுதான் கேட்டாங்க. ஆனா ஓட்டு போட வேண்டிய சபைல உக்காந்திருந்தது யாரு, அந்த பழைய ஆட்கள்தானே. நகரல. 1997ல ரஷ்ய நாடாளுமன்றத்தோட கீழ்சபையான டூமாலயும் திரும்ப கொண்டுவந்து பாத்தாங்க, அப்பவும் நகரல. அடுத்த வருஷம் ஜூலைல கேஜிபியோட வாரிசு அமைப்பான எஃப்எஸ்பிக்கு தலைவரா வந்தவர் அதே பீட்டர்ஸ்பர்க் (லெனின்கிராட்தான், 1991ல பழைய பேருக்கு மாறிடுச்சு) ஊர்க்காரர், முன்னாள் கேஜிபி அதிகாரி, விளாதிமிர் புதின். அந்த மசோதா பாஸ் ஆகியிருந்தா அப்படிப்பட்ட நியமனமெல்லாம் எவ்ளோ சிக்கலாயிருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க.

நடுவுல ரெண்டு மூணு வருஷம் அமெரிக்கா. வாஷிங்டன்ல அமைதி ஆய்வு நிறுவனத்துல ஆராய்ச்சி, பிரவுன் பல்கலைக்கழகத்துல பாடம். அங்க எழுதினது பூராவும் சுயநிர்ணய உரிமை பத்தி. தமிழ்ல அரசியல் படிக்கறவங்களுக்கு இந்த வார்த்தைய விளக்கவே வேண்டாம், நாம கேட்டு வளந்த வார்த்தை. கலினா கேட்டது, ஒரு மக்கள் கூட்டம் பிரிஞ்சு போறது எப்ப நியாயம், எப்ப வெறும் தலைவருங்க ஆசை, அத எத வச்சு அளக்கறது. அதுக்கு அவங்க வச்ச அளவுகோல்ல முக்கியமானது, இருக்கற நாட்டுக்குள்ள தொடர்ந்து வாழவே முடியாத நிலை இருக்காங்கறது. அப்புறம் அந்த மண்ணோட வரலாறு, அங்க யார் எத்தன பேர், வாக்கெடுப்புல ஜனம் என்ன சொல்லுது. 2023 செப்டம்பர்ல அஜர்பைஜான் ஒரே நாள் தாக்குதல்ல கராபக்க முழுசா புடிச்சப்போ ஒரு லட்சத்துக்கு மேல ஆர்மீனியர் சில நாள்லயே வண்டி கட்டிட்டு ஆர்மீனியாவுக்கு போயிட்டாங்க. இவங்க எண்ணப்போன பாட்டிங்களோட பேரப்பிள்ளைங்க ஊர்ல இப்ப அவங்க ஆட்கள் கிட்டத்தட்ட யாருமே இல்ல.

1994 டிசம்பர்ல தொடங்கின செச்னியா போர எதிர்த்தாங்க, பேச்சுவார்த்தைதான் வழின்னு முன்னாடில இருந்தே சொல்லிட்டு இருந்தவங்க. 1995 டிசம்பர்ல பீட்டர்ஸ்பர்க் தொகுதில நின்னு டூமாவுக்கு வந்தாங்க. 1996 ஜனாதிபதி தேர்தலுக்கும் நிக்க பாத்தாங்க, ஆதரவு கையெழுத்துல குறை இருக்குன்னு சொல்லி தேர்தல் ஆணையம் பதிவு பண்ணல. (கையெழுத்து சரியில்லைன்னு வேட்பாளர தள்றது ரஷ்யால அதுக்கப்புறம் ஒரு கலையாவே ஆயிடுச்சு.)

1998 இலையுதிர் காலம். ஆகஸ்ட்ல ரூபிள் சரிஞ்சு பேங்க் வாசல்ல ஜனம் நிக்குது. அக்டோபர்ல கம்யூனிஸ்ட் எம்பி, முன்னாள் ஜெனரல் அல்பெர்த் மகஷோவ் மேடைல யூதர்களுக்கு எதிரா வெளிப்படையா விஷத்த கக்கறார், டூமா அவர கண்டிக்கற தீர்மானத்த கூட நிறைவேத்தல. கலினா விடல, சபைக்குள்ளயும் வெளியயும் அவர விளாசினாங்க. பீட்டர்ஸ்பர்க்ல டிசம்பர் 6 நகர சட்டமன்ற தேர்தல், ஜனநாயக அணி வேட்பாளர்களுக்காக ஓடிட்டு இருந்தாங்க. அந்த ஊர் அப்ப எப்படி இருந்துச்சுன்னா, பெட்ரோல் வியாபாரத்துல இருந்து துறைமுகம் வரைக்கும் தம்போவ் கும்பல்னு ஒரு ரவுடி கும்பலோட பேர எல்லாரும் மெதுவா சொல்வாங்க, முந்தின வருஷம் ஆகஸ்ட்லதான் துணை கவர்னர் மிகயில் மனேவிச்ச நட்டநடு நெவ்ஸ்கி சாலைக்கிட்ட கார்லயே ஸ்னைப்பர் வச்சு சுட்டுட்டாங்க. ஊருக்கே 'குற்றத் தலைநகர்'னு பேரு வந்த காலம்.

நவம்பர் 20, வெள்ளிக்கிழமை. மாஸ்கோல இருந்து சாயங்கால ஃப்ளைட், கூட உதவியாளர் ருஸ்லான் லின்கோவ். வீடு கிரிபயேதோவ் கால்வாய்க்கரை 91ஆம் நம்பர். கால்வாய்க்கு பேரு வச்சது கிரிபயேதோவ்ங்கற கவிஞரும் தூதருமான ஒருத்தர் நினைவா, அவரையும் 1829ல தெஹ்ரான்ல கும்பல் அடிச்சு கொன்னுச்சு, 1881ல ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் மேல குண்டு எறிஞ்சதும் இதே கால்வாய் ஓரம்தான், அந்த எடத்துல இப்ப கலர் கலரா குவிமாடம் வச்ச தேவாலயம் நிக்குது, டூரிஸ்ட் எல்லாம் போட்டோ எடுப்பாங்க. பொதுப் படிக்கட்டு இருக்கற வாசலுக்கு பீட்டர்ஸ்பர்க்ல 'பராத்னயா'ன்னு சொல்வாங்க, மாஸ்கோகாரங்க வேற வார்த்தை சொல்வாங்க, இந்த ஒரு சொல்ல வச்சே யார் எந்த ஊர்னு கண்டுபுடிச்சிடலாம்னு கிண்டல் உண்டு. அந்த பராத்னயாவுக்குள்ள ராத்திரி பத்தே முக்கால் சுமாருக்கு ரெண்டு பேர் காத்துட்டு இருந்தாங்க, ஒருத்தன் பொம்பள வேஷத்துல. படியேறும்போது சுட்டாங்க. கலினா அங்கயே போயிட்டாங்க, வயசு 52. லின்கோவ் தலைல குண்டோட விழுந்து, நினைவு வந்ததும் மொபைல்ல போன் போட்டு விஷயத்த சொன்னார், ஆள் பொழச்சுட்டார். அக்ரம் 2000ங்கற சப்மெஷின் கன்னையும் பெரெட்டா மாதிரி செஞ்ச ஒரு கைத்துப்பாக்கியையும் சுட்டவங்க அங்கயே போட்டுட்டு போனாங்க. காசு வாங்கிட்டு கொல்றவங்க வேலைய முடிச்சதும் துப்பாக்கிய எடத்துலயே விட்டுட்டு போறது அந்த காலத்து வழக்கம்.

24ஆம் தேதி அஞ்சலிக்கு உடலை வச்ச எடம் ரஷ்ய இனவரைவியல் அருங்காட்சியகத்தோட மார்பிள் ஹால். பேரரசோட எல்லா இனத்து உடுப்பும் சட்டிபானையும் கண்ணாடிக்குள்ள அடுக்கி வச்சிருக்கற கட்டடம், அதுக்குள்ள ஆயிரக்கணக்குல ஜனம் வரிசைல நடந்து போச்சு. அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடத்து நிகோல்ஸ்கோயே கல்லறைல அடக்கம்.

விசாரணை. மொதல்ல, கலினா பெரிய தொகை பணத்தோட வந்தாங்க, அத கொள்ளையடிக்க நடந்துருக்கும்னு ஒரு கதைய கிளப்பி விட்டாங்க. அது நிக்கல. நாலு வருஷம் கழிச்சுதான் கைதுங்க வந்துச்சு. 2005 ஜூன் 30 நகர நீதிமன்றம் தீர்ப்பு: சுட்டவங்கள்ல ஒருத்தன் அகிஷினுக்கு இருபத்திமூணரை வருஷம், ஆட்கள கூட்டி ஏற்பாடு பண்ண முன்னாள் ராணுவ உளவு ஆள் யூரி கோல்ச்சினுக்கு 20 வருஷம், அவங்க அரசியல் வேலைய நிறுத்தறதுக்காக செஞ்ச கொலைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. சரி, அரசியல் கொலைன்னா யாருக்கு அந்த அரசியல் இடைஞ்சலா இருந்துச்சு? அதுக்கு தீர்ப்புல பேரே இல்ல, அடையாளம் தெரியாத நபர். 2007ல இன்னும் ரெண்டு சின்ன ஆட்களுக்கு தண்டனை.

இந்த கேஸ்ல நான் திரும்ப திரும்ப யோசிக்கறது இந்த அமைப்பதான். கீழ இருக்கறவன் மாட்டுவான், நடுவுல இருக்கறவனும் மாட்டுவான், அதுக்கு மேல போக போக வருஷங்கதான் கூடும். 2015 பிப்ரவரி 27 கிரெம்ளின் பக்கத்து பாலத்துல கொல்லப்பட்ட எதிர்க்கட்சி தலைவர் போரிஸ் நெம்த்சோவும் இயற்பியல்ல ஆராய்ச்சி பட்டம் வாங்கின ஆள்தான், அந்த கேஸ்லயும் 2017ல செச்னியாவச் சேர்ந்த அஞ்சு பேருக்கு தண்டனை, கொல்லச் சொன்னது யாருன்னு கோர்ட்ல வரல.

கலினா கேஸ்ல அடுத்த படி அதே 2015 ஆகஸ்ட்ல. மிகயில் க்ளூஷென்கோன்னு ஒருத்தர், தம்போவ் கும்பல் ஆள், ஆனா கொலை நடந்தப்போ அவரும் டூமா எம்பி! ஆமா, கொல்லப்பட்டவங்களும் கொல்ல ஏற்பாடு பண்ணவரும் ஒரே சபைல உக்காந்திருந்தவங்க. குற்றத்த ஒத்துக்கிட்டு விசாரணைக்கு ஒத்துழைக்கறேன்னு சொல்லி 17 வருஷம் வாங்கினார், தனக்கு மேல இருந்து சொன்னவர்னு கும்பலோட தலைவர் விளாதிமிர் பர்சுகோவ் பேர சொன்னார். பர்சுகோவ் அதுக்கு முன்னாடில இருந்தே வேற கேஸ்ங்கள்ல உள்ள இருக்கறவர், நான் இல்லைன்னு மறுக்கறவர். அவர் மேல இந்த கொலைக்கு முறைப்படி குற்றம் சாட்டினது 2019 ஏப்ரல்ல, அந்த படிக்கட்டுல துப்பாக்கிய எடுத்து 20 வருஷம் அஞ்சு மாசம் கழிச்சு. ஒரு கும்பல் தலைவனுக்கு ஒரு இனவரைவியலாளர் பேசற பேச்சால என்ன நஷ்டம், அவனுக்கும் மேல யாராவது இருந்தாங்களாங்கற கேள்விக்கு அந்த ஃபைல்லயும் பதில் வரல.